ஸ்டாப் லாஸ் போட்டும் அடி விழுவது ஏன்? ரிக்கார்டோ முதல் ஈத்தர் வரை ஒரு கதை

இது எபிசோடின் எழுத்து வடிவம். பேசும்போது இழுத்ததை வெட்டி, கணக்குகளை மட்டும் கொஞ்சம் விரிவாகக் கொடுத்திருக்கிறோம். கேட்டவங்களும் ஒருமுறை படிக்கலாம், ஏன்னா கணக்கு காதில் கேட்பதைவிட கண்ணில் பார்த்தால்தான் ஏறும்.

நேரா ஒரு தேதிக்குப் போயிடுவோம். 2017 ஜூன் 21. அமெரிக்காவின் காயின்பேஸ் நிறுவனம் அப்போது ஜிடாக்ஸ் என்ற பெயரில் ஒரு கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் நடத்திக்கொண்டிருந்தது. அன்று அதில் ஒரு ஈத்தரின் விலை 317 டாலர் 81 சென்ட். யாரோ ஒருவர் பல மில்லியன் டாலர் மதிப்புள்ள ஈத்தரை ஒரே மார்க்கெட் ஆர்டரில் விற்றார். மார்க்கெட் ஆர்டர்னா, "என்ன விலை கிடைச்சாலும் சரி, உடனே வித்துடு" என்று அர்த்தம். வாங்கக் காத்திருந்தவர்களின் ஆர்டர்களை மேலிருந்து ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டே போன அந்த ஒரே ஆர்டர், விலையை 224 டாலர் 48 சென்ட் வரை இறக்கியது.

இதோடு நின்றிருந்தால் அது ஒரு மோசமான நாள், அவ்வளவுதான். ஆனால் விலை இறங்கிய பாதையில் ஸ்டாப் லாஸ் ஆர்டர்கள் காத்திருந்தன. கடன் வாங்கி டிரேட் செய்தவர்களின் கணக்குகளும் இருந்தன. இரண்டும் சேர்த்து சுமார் 800. ஒன்று வெடித்து அடுத்ததை வெடிக்க வைக்க, ஒரு கணம் ஈத்தரின் விலை 10 சென்ட். ஆமா, 317 டாலருக்குப் போய்க்கொண்டிருந்த பொருள் 10 சென்ட்டுக்குக் கை மாறியது. கொஞ்ச நேரத்திலேயே விலை பழைய இடத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஆனால் நடுவில் விற்கப்பட்டவை விற்கப்பட்டவைதான். காயின்பேஸ் பிறகு தன் சொந்தப் பணத்திலிருந்து பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈடு கொடுத்தது. அது அவர்கள் எடுத்த முடிவு. எல்லா எக்ஸ்சேஞ்சும் அப்படிச் செய்யும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது.

என்னை உறுத்துவது இதுதான். அன்று அடி வாங்கியவர்களில் ஒரு பகுதி, எச்சரிக்கையாக ஸ்டாப் லாஸ் போட்டு வைத்தவர்கள். எதுவுமே போடாமல், கடனும் வாங்காமல், தூங்கப் போனவர் எழுந்து பார்க்கும்போது அவருடைய ஈத்தர் அப்படியே இருந்தது. அப்போ ஸ்டாப் லாஸ் போடுவது முட்டாள்தனமா? இல்லை. ஆனால் அது எதிலிருந்து நம்மைக் காப்பாற்றுகிறது, எதிலிருந்து காப்பாற்றாது என்பதைப் புரிந்துகொள்ள, கதையைக் கொஞ்சம் பின்னாடி ஓட்டணும்.

லண்டன்: ரிக்கார்டோவின் விதி

எகனாமிக்ஸ் படித்தவர்களுக்கு டேவிட் ரிக்கார்டோவைத் தெரியும். அதற்கு முன்னால் அவர் லண்டன் பங்குச் சந்தையில் பெரும் பணம் சம்பாதித்த ஆள். 1815-ல் வாட்டர்லூ போருக்கு முன் பிரிட்டிஷ் அரசு திரட்டிய கடனில் பங்கெடுத்தவர்களில் அவரும் ஒருவர். ரிக்கார்டோ 1823-ல் இறந்தார். அதற்குப் பிறகு 1838-ல் ஜேம்ஸ் கிராண்ட் என்ற பத்திரிகையாளர் லண்டனைப் பற்றி எழுதிய புத்தகத்தில், ரிக்கார்டோ தன் நண்பர்களுக்குச் சொல்லிவந்த விதிகள் என்று சிலவற்றைப் பதிவு செய்தார். சாரம் இதுதான்: நஷ்டம் வந்தால் சீக்கிரம் வெட்டிவிடு, லாபம் வந்தால் ஓட விடு.

இன்றைக்கு டெலிகிராம் சேனல்களில் "என்ட்ரி, ஸ்டாப் லாஸ், டார்கெட் 1, டார்கெட் 2" என்று வருகிற எல்லாவற்றுக்கும் தாத்தா இந்த விதிதான். ஆனால் கவனிங்க, ரிக்கார்டோ பேசியது மனிதனின் பழக்கத்தைப் பற்றி. நம்ம புத்தி தலைகீழாக வேலை செய்யும். லாபம் கொஞ்சம் தெரிந்தாலே "போதும், எடுத்துடலாம்" என்று தோன்றும். நஷ்டம் வந்தால் "திரும்பி வரும், பார்ப்போம்" என்று காத்திருப்போம். அந்த விதி நம்மை நம்மிடமிருந்து காப்பாற்றுவதற்கு. சந்தையில் வாங்க ஆளே இல்லாமல் போனால் என்ன செய்வது என்பதற்கு அதில் பதில் கிடையாது.

பக்கெட் ஷாப்: நூறு வருஷத்துக்கு முந்தைய 100 எக்ஸ்

அடுத்து அமெரிக்கா, 1890கள். அங்கே பக்கெட் ஷாப் என்று கடைகள் இருந்தன. பார்க்க புரோக்கர் ஆபீஸ் மாதிரியே இருக்கும். டெலிகிராஃப் வழியாக வரும் பங்கு விலைகளைப் பலகையில் எழுதுவார்கள். ஆனால் நீங்கள் கொடுக்கும் ஆர்டர் பங்குச் சந்தைக்குப் போகவே போகாது. விலை ஏறுமா இறங்குமா என்று கடைக்காரரோடு கட்டும் பந்தயம்தான் அது. 100 டாலர் பங்குக்கு வெறும் 1 டாலர் கட்டினாலே ஆட்டத்தில் சேரலாம் என்ற கடைகளும் உண்டு. விலை 1 டாலர் எதிர்த்திசையில் நகர்ந்தால் கட்டிய பணம் காலி, கணக்கு மூடப்படும்.

இது எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கா? 100-க்கு 1 என்றால் 100 மடங்கு லீவரேஜ். 2016-ல் பிட்மெக்ஸ் எக்ஸ்சேஞ்ச் பிட்காயினில் 100 எக்ஸ் லீவரேஜோடு பெர்பெச்சுவல் கான்ட்ராக்டைக் கொண்டுவந்தபோது உலகமே புதுசு என்றது. கணக்கு மட்டும் பக்கெட் ஷாப் காலத்துக் கணக்கு.

ஜெஸ்ஸி லிவர்மோர் என்ற புகழ்பெற்ற ஸ்பெகுலேட்டர் சிறு வயதில் இந்தக் கடைகளில்தான் தொழில் கற்றார். 1929 வீழ்ச்சியில் விலை இறங்கும் என்று பந்தயம் கட்டி பெரும் செல்வம் சேர்த்தார். 1934-ல் திவாலானார். 1940-ல் அவர் எழுதி வெளிவந்த புத்தகத்தில், நஷ்டத்தை போட்ட பணத்தில் 10 சதவீதத்துக்கு மேல் போகவே விடக் கூடாது என்கிறார். விதியை அவ்வளவு தெளிவாக எழுதிய மனிதரே அதைக் கடைப்பிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப விழுந்திருக்கிறார்.

இங்கே ஒரு விஷயத்தைப் பிடிச்சுக்கோங்க. ஸ்டாப் லாஸ் வேறு, லிக்விடேஷன் வேறு. ஸ்டாப் லாஸ் என்பது நீங்கள் தேர்ந்தெடுக்கும் வெளியேறும் இடம். லிக்விடேஷன் என்பது உங்களுக்குக் கடன் கொடுத்தவர், தன் பணத்தைக் காப்பாற்ற, உங்களை வெளியே தள்ளும் இடம். 20 மடங்கு லீவரேஜ் எடுத்தால் விலை ஏறக்குறைய 5 சதவீதம் நகர்ந்தாலே கணக்கு காலி. பராமரிப்பு மார்ஜின் என்று ஒன்று இருப்பதால் அதற்கும் முன்னாடியே தள்ளிவிடுவார்கள். அப்படிப்பட்ட டிரேடில் 5 சதவீதத்தில் ஸ்டாப் லாஸ் போடுவது, இடிந்த வீட்டுக்குப் பூட்டு போடுகிற மாதிரி.

சிகாகோ: ஆமைகள் கற்றுக்கொடுத்த வரிசை

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. 1983, சிகாகோ. ரிச்சர்ட் டென்னிஸ், வில்லியம் எக்கார்ட் என்று இரண்டு கமாடிட்டி டிரேடர்கள். நல்ல டிரேடரைப் பயிற்சி கொடுத்து உருவாக்க முடியுமா, அது பிறவியிலேயே வரணுமா என்று இவர்களுக்குள் விவாதம். முடியும் என்றார் டென்னிஸ், முடியாது என்றார் எக்கார்ட். பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து ஆள் எடுத்தார்கள். இரண்டு வாரப் பயிற்சி, பிறகு கையில் நிஜப் பணம். சிங்கப்பூரில் ஆமைப் பண்ணையைப் பார்த்துவிட்டு வந்த டென்னிஸ், அதேபோல் டிரேடர்களை வளர்க்கலாம் என்று சொன்னதால் அவர்களுக்கு டர்டில்ஸ் என்ற பெயர் வந்தது.

அவர்களின் விதிகள் பிறகு வெளியே வந்தன. என்ட்ரி: விலை கடந்த 20 நாட்களின் உச்சத்தைத் தாண்டினால் வாங்கு. இன்னொரு முறையில் 55 நாள். ஆனால் அவர்களுடைய உண்மையான பலம் என்ட்ரியில் இல்லை. ஒரு பொருள் ஒரு நாளில் சராசரியாக எவ்வளவு ஆடுகிறது என்று முதலில் அளந்தார்கள். அந்த அளவுக்கு என் என்று பெயர். வெல்லஸ் வைல்டர் என்ற மெக்கானிக்கல் இன்ஜினியர் 1978-ல் எழுதிய புத்தகத்தில் வந்த ஏடிஆர் என்ற கணக்குதான் அது. இன்றைக்கு எல்லா சார்ட்டிலும் இருக்கும் ஆர்எஸ்ஐ கூட அதே புத்தகத்தில் பிறந்ததுதான். வாங்கிய விலையிலிருந்து 2 என் கீழே ஸ்டாப். அங்கே அடிபட்டால் மொத்தக் கணக்கில் 2 சதவீதம் மட்டும் போகும்படி, எவ்வளவு வாங்குவது என்பதைக் கடைசியாகக் கணக்கிட்டார்கள்.

இந்த வரிசையைப் பாருங்க. பெரும்பாலான பேர் முதலில் "ஒரு லட்சம் போடலாம்" என்று முடிவு செய்துவிட்டு, பிறகு தாங்கக்கூடிய இடத்தில் ஸ்டாப் வைப்பார்கள். டர்டில்ஸ் அதைத் தலைகீழாக்கினார்கள். சந்தை ஆடும் அளவு ஸ்டாப்பைச் சொல்கிறது, ஸ்டாப் தொகையைச் சொல்கிறது.

ஒரு உதாரணம். உங்களிடம் 1,00,000 ரூபாய். ஒரு டிரேடில் 1 சதவீதம், அதாவது 1,000 ரூபாய்க்கு மேல் இழக்க விருப்பமில்லை. வாங்கும் விலை 300, அந்த காயின் ஆடும் அளவை வைத்து ஸ்டாப் 285. தூரம் 5 சதவீதம். அப்படின்னா நீங்கள் வாங்க வேண்டியது 20,000 ரூபாய்க்கு மட்டும். அதே காயின் இன்னும் வேகமாக ஆடி, ஸ்டாப் 270-ல் வைக்க வேண்டியிருந்தால்? தூரம் 10 சதவீதம், தொகை 10,000. இரண்டிலும் நஷ்டம் அதே 1,000. ஸ்டாப்பைத் தள்ளி வைத்தால் தொகையைக் குறைக்கணும், இதுதான் பேரம்.

டார்கெட்? டர்டில்ஸிடம் "இவ்வளவு லாபம் வந்தால் வெளியேறு" என்ற விதியே கிடையாது. விலை 10 நாள் தாழ்வை உடைத்தால் வெளியேறுவார்கள், அவ்வளவுதான். ரிக்கார்டோவின் "லாபத்தை ஓட விடு" என்பதை அப்படியே விதியாக்கினார்கள். அதற்கு விலை உண்டு. கையில் இருந்த லாபத்தின் ஒரு பகுதி கண் முன்னால் கரையும். பல சின்ன நஷ்டங்கள், எப்போதாவது ஒரு பெரிய லாபம். இதைத் தாங்கும் மனசு எல்லோருக்கும் வராது. அதனால்தான் நிலையான டார்கெட் பிரபலமானது.

இன்னொன்று. டர்டில்ஸ் பெரிய தொகை கையாண்டதால், ஸ்டாப்பை புரோக்கரிடம் ஆர்டராகக் கொடுத்து வைக்கவில்லை. தங்களிடமே வைத்துக்கொண்டு, விலை அங்கே வந்ததும் விற்றார்கள். தன் ஸ்டாப் எங்கே இருக்கிறது என்று சந்தைக்குத் தெரியக் கூடாது என்பதற்காக.

ஒரே இடத்தில் எல்லோரும்

அந்தப் பயம் நியாயமானதா? கரோல் ஆஸ்லர் என்ற பொருளாதார ஆய்வாளர், ஒரு பெரிய வங்கியின் கரன்சி ஆர்டர்களை எடுத்து ஆராய்ந்து 2003-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார். லாபம் எடுக்கும் ஆர்டர்கள் முழு எண்களில் குவிந்திருந்தன. ஸ்டாப் லாஸ் ஆர்டர்கள் அந்த முழு எண்ணுக்குச் சற்று அப்பால் குவிந்திருந்தன. இதன் விளைவு என்ன தெரியுமா? விலை முழு எண்ணுக்கு வந்ததும் திரும்பும் வாய்ப்பு அதிகம். ஆனால் அதைத் தாண்டிவிட்டால் குவிந்திருக்கும் ஸ்டாப்கள் ஒவ்வொன்றாகத் தட்டப்பட்டு வேகம் கூடும்.

சாஃப்ட்வேர் ஆளாக இதை இப்படிப் பார்க்கிறேன். ஸ்டாப் லாஸ் ஒரு இஃப் கண்டிஷன். விலை 285-ஐத் தொட்டால் ஒரு மார்க்கெட் ஆர்டரை அனுப்பு. 285-ல் விற்றுத் தருகிறேன் என்ற உறுதிமொழி அதில் எங்கேயும் இல்லை. ஆயிரம் பேரின் கண்டிஷன் ஒரே நேரத்தில் உண்மையானால், ஆயிரம் மார்க்கெட் ஆர்டர் ஒரே வாசலுக்கு ஓடும். வாசலில் வாங்க ஆள் இருந்தால் 284 கிடைக்கும், இல்லையென்றால் 10 சென்ட். வேண்டுமானால் ஸ்டாப் லிமிட் போடலாம்: "285 தொட்டால் விற்க முயற்சி செய், ஆனால் 280-க்குக் கீழே வேண்டாம்." அப்போது விலைக்கு உத்தரவாதம் உண்டு, விற்பனைக்கு இல்லை. விலை 280-ஐத் தாண்டிப் பாய்ந்துவிட்டால் காயின் உங்கள் கையிலேயே இருக்கும், நஷ்டமும் வளரும். இரண்டில் ஒரு ஆபத்தை நீங்கள்தான் தேர்ந்தெடுக்கணும்.

பங்குச் சந்தைகளும் இதைச் சந்தித்தன. 2010 மே 6 அன்று அமெரிக்காவில் சில நிமிடங்களில் விலைகள் சரிந்தபோது, 40 டாலர் பக்கம் இருந்த அக்சென்ச்சர் பங்கு 1 சென்ட்டுக்கு விற்றது. அதுபோன்ற விபரீத விலையில் நடந்த 20,000-க்கும் மேற்பட்ட டிரேடுகளைப் பிறகு ரத்து செய்தார்கள். 2015 ஆகஸ்ட் 24 காலையிலும் இதே மாதிரி ஒரு சரிவு. அதற்குப் பிறகு நியூயார்க் பங்குச் சந்தை ஒரு முடிவெடுத்தது: 2016 பிப்ரவரி 26 முதல் ஸ்டாப் ஆர்டர்களை ஏற்கவே மாட்டோம். நம்ம என்எஸ்இ-யும் 2021 செப்டம்பரில் ஆப்ஷன்களில் எஸ்எல்-எம் ஆர்டரை நிறுத்தியது. ஜெரோதா மாதிரி ஆப்களில் ஆப்ஷன் டிரேட் செய்பவர்களுக்கு இது நினைவிருக்கும்.

கிரிப்டோவில் டிரேடை ரத்து செய்யச் சொல்லும் சட்டமோ, சந்தை முழுவதையும் நிறுத்தும் சர்க்யூட் பிரேக்கரோ கிடையாது. ராத்திரி இரண்டு மணிக்கும் திறந்திருக்கும். 2020 மார்ச் 12, 13 தேதிகளில் கொரோனா பயத்தில் பிட்காயின் 8,000 டாலர் பக்கத்திலிருந்து 4,000-க்கும் கீழே போனது. அந்த நேரத்தில் பிட்மெக்ஸ் சுமார் 25 நிமிடம் முடங்கியது. தாக்குதலால் என்றது நிறுவனம். காரணம் எதுவாக இருந்தாலும், சர்வர் படுத்துவிட்டால் உங்கள் ஸ்டாப்பும் படுத்துவிடும். 2025 அக்டோபர் 10 அன்று சீனப் பொருட்கள் மீது டிரம்ப் கூடுதல் வரி அறிவித்தபோது, 24 மணி நேரத்தில் 19 பில்லியன் டாலருக்கும் மேல் லீவரேஜ் பொசிஷன்கள் லிக்விடேட் ஆனதாக காயின்கிளாஸ் கணக்கிட்டது. ஜிடாக்ஸில் நடந்த அதே சங்கிலிதான், பல மடங்கு பெரிதாக.

நம்ம ஊர்க் கணக்கு

இதுவரை சொன்னது உலகத்துக்கே பொது. இனி சொல்வது இந்தியாவில் டிரேட் செய்பவர்களுக்கு மட்டும், யூடியூபில் வெளிநாட்டு ஆட்கள் சொல்லவே மாட்டார்கள்.

2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ். மொத்தம் 31.2 சதவீதம். முக்கியமான பகுதி இதற்குப் பிறகு: ஒரு டிரேடில் வந்த நஷ்டத்தை இன்னொரு டிரேடின் லாபத்தில் கழிக்க முடியாது. அடுத்த வருஷத்துக்கும் கொண்டுபோக முடியாது.

இதை "1-க்கு 2" ரிஸ்க்-ரிவார்டு சூத்திரத்தில் போட்டுப் பார்ப்போம். ஸ்டாப் அடித்தால் 1,000 போகும், டார்கெட் அடித்தால் 2,000 வரும். பத்து டிரேடில் 4 ஜெயம், 6 தோல்வி. வரவு 8,000, செலவு 6,000. புத்தகப்படி 2,000 லாபம். இப்போது வரி: 8,000-க்கு 31.2 சதவீதம், 2,496. கையில் மிஞ்சுவது 5,504. அதிலிருந்து 6,000 கழித்தால் 496 ரூபாய் நஷ்டம். அதே ஸ்டாப், அதே டார்கெட், லாபமான முறை நஷ்டமான முறையாக மாறிவிட்டது.

வரி இல்லாத உலகில் 1-க்கு 2 முறையில் மூன்றில் ஒன்று ஜெயித்தால் அசல் தேறும். இங்கே 42 சதவீதத்துக்கு மேல் ஜெயிக்கணும். 1-க்கு 1 என்றால் 50 சதவீதத்துக்குப் பதில் 59-க்கும் மேல். எக்ஸ்சேஞ்ச் கட்டணத்தை இன்னும் சேர்க்கவே இல்லை. 2022 ஜூலை 1 முதல் விற்கும் தொகையில் 1 சதவீத டிடிஎஸ் வேறு. அது வரியில் சரிக்கட்டப்படும், ஆனால் அதுவரை முடங்கும். 20,000 ரூபாய் பொசிஷனைப் பத்து முறை விற்றால் சுமார் 2,000 ரூபாய் உங்கள் டிரேடிங் கணக்கில் இருக்காது.

ஆக, "சின்ன சின்ன ஸ்டாப், அடிக்கடி டிரேட்" என்பதற்கு நம்ம வரிச் சட்டம் தண்டனை கொடுக்கிறது. நெருக்கமான ஸ்டாப் அடிக்கடி அடிபடும், ஒவ்வொரு அடியும் வரியில் கழிக்க முடியாத நஷ்டம். டிரேட் செய்தே ஆகணும் என்பவர்கள் எண்ணிக்கையைக் குறைத்து, டார்கெட்டைத் தள்ளி வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

எந்த எண் முதலில்?

இருநூறு வருஷத்துக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் வரிசை இது. முதலில், இந்த யோசனை எந்த விலையில் தவறு என்று ஆகும்? அது ஸ்டாப். முழு எண்ணுக்கு ஒட்டி வேண்டாம், அங்கே கூட்டம் அதிகம். இரண்டாவது, அங்கே அடிபட்டால் எத்தனை ரூபாய் போகலாம்? அது தொகையைத் தீர்மானிக்கும். மூன்றாவது, வரியும் கட்டணமும் போன பிறகு டார்கெட் அந்த நஷ்டத்துக்கு ஈடாகுமா? ஆகவில்லை என்றால் அந்த டிரேடே வேண்டாம். இந்த மூன்றுக்கும் பதில் எழுதிய பிறகுதான் என்ட்ரி. டெலிகிராமில் முதல் வரியாக வருவது நம்ம நோட்டில் கடைசி வரி.

இதையெல்லாம் சரியாகச் செய்தாலும், ஜூன் 21 மாதிரி ஒரு நாளில் ஸ்டாப் நழுவும். அதற்கு ஒரே பாதுகாப்பு, ஸ்டாப்பே வேலை செய்யாமல் அந்த டிரேடில் போட்ட மொத்தமும் போனால்கூட அடுத்த மாச வாடகையும் இஎம்ஐ-யும் தடைபடாத தொகையில் ஆடுவது. எக்ஸ்சேஞ்சே கவிழ்ந்தால் எந்த ஆர்டரும் உதவாது. 2022 நவம்பர் 11-ல் எஃப்டிஎக்ஸ் திவால் மனு போட்டபோது, கச்சிதமாக ஸ்டாப் போட்டு லாபம் எடுத்தவர்களின் பணமும் உள்ளேதான் மாட்டிக்கொண்டது.

வழக்கம்போல, இது முதலீட்டு ஆலோசனை இல்லை. ஆனால் மேலே போட்ட பத்து டிரேட் கணக்கை உங்க சொந்த எண்களை வைத்து ஒருமுறை போட்டுப் பாருங்க. கடைசியாக முடித்த பத்து டிரேட், எத்தனை ஜெயம், எத்தனை தோல்வி, வரிக்குப் பிறகு என்ன மிச்சம். என்ன வந்தது என்று எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.